பனி காய்ந்த பிறகு

பரணிதரனின் இடது கையில் அந்தக் கறுப்புப் பட்டை ஏறி மூன்று வாரம் ஆகிறது. பார்க்கிறவர்கள் கைக்கடிகாரம் என்றுதான் நினைப்பார்கள். மணியும் காட்டும். ஆனால் அதற்காக வந்ததில்லை அது. நாடி எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எத்தனை மணி நேரம் தூங்கினான், எப்போது பதறினான் என்று நாள் முழுக்கக் குறித்துவைத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் போட்டுக் கொடுத்துவிடும். கட்டின பெண்டாட்டியிடம் மறைக்க முடிந்ததைக்கூட இதனிடம் மறைக்க முடியாது.

பாபநாசத்தில் பஞ்சநதம் என்றால் அறுவடை வண்டிதான் நினைவுக்கு வரும். ஆறு வண்டி வைத்திருக்கிறார். எந்த வண்டி எந்த ஊருக்குப் போவது, யார் வயலில் முதலில் இறங்குவது என்று போனில் பேசி அனுப்புவதற்கே தனியாக ஓர் ஆள் வேண்டும். போன வருஷம் அந்த வேலையில் இருந்தவர் தை மாத நட்ட நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையிலேயே சாய்ந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், திரும்பி வரவில்லை. நாற்காலி ராசியில்லை என்று பஞ்சநதம் நாற்காலியை மாற்றினார். சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகளுக்கு நாற்காலியில் நம்பிக்கை இல்லை. பட்டையை அனுப்பினாள். வாரம் ஒரு நாள் வீடியோவில் பேசிப் பயிற்சி கொடுக்கச் சென்னையில் ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்தாள்.

"ரெண்டு வாரம் சேர்ந்தாப்புல செவப்பு வந்துச்சுன்னா நீ டீசல் ஷெட்டுக்குப் போயிடு தம்பி. இன்னொரு உசுரு பாவத்த என்னால சொமக்க முடியாது" என்று பஞ்சநதம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பரணிதரனுக்கு அந்த நாற்காலி வேண்டும். எட்டு வருஷம் சென்னையில் உட்கார்ந்து, யார் யாருடைய போன் கோளாறுக்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தவன். இங்கே அவன் பேசினால் ஒரு வண்டி நகர்கிறது, ஒரு வயல் நெல்லாகிறது. அதை விட்டுவிட்டு டீசல் கேன் எண்ண அவனுக்கு மனசில்லை.

ஆனால் தை மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பாபநாசத்திலிருந்து கீழ்வேளூர் வரைக்கும் சம்பா ஒரே நேரத்தில் பழுத்து நிற்கும். எல்லோருக்கும் இன்றைக்கே வண்டி வேண்டும். "என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்க?" என்று ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பிக்காமலே கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் துரைராசு என்று ஒருத்தர், குடமுருட்டிக் கரையில் ஏழு ஏக்கர்க்காரர். அவர் பேசினால் போனை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், ஒரு வார்த்தை தவறாது.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் பயிற்சி. பழைய பிளேடுகளும் பெல்ட்டுகளும் கிடக்கும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனை ஒரு கிரீஸ் டப்பா மேல் சாய்த்து வைத்துப் பரணிதரன் உட்காருவான். திரையில் நுஸைபா வருவாள். நாகூர்ப் பெண், இப்போது சென்னைவாசி. அவள் குரலில் அவசரமே இருக்காது.

"கண்ண மூடிக்கங்க பரணிதரன். மூக்கு வழியா மெல்ல இழுங்க. இப்ப உங்களுக்கு அமைதியா இருக்கற ஒரு இடத்த நினைச்சுக்கங்க. கடற்கரையா இருக்கலாம், கோயிலா இருக்கலாம். அவசரமில்ல, அதுவா வரட்டும்."

அதுவாகத்தான் வந்தது. கடலும் இல்லை, கோயிலும் இல்லை. பழுத்த வயல் ஒன்று. விடிந்தும் விடியாத வெளிச்சம், கதிரெல்லாம் பனி. அவன் அதன் நடுவில் இடுப்பளவு நெல்லில் நிற்கிறான். சுற்றிலும் வயல், அதைச் சுற்றியும் வயல். எப்படி உள்ளே வந்தான் என்று தெரியவில்லை, பாதையே இல்லை. எங்கோ ஒரு மடையில் தண்ணீர் விழும் சத்தம். கதிர் ஒன்று அவன் உள்ளங்கையில் வந்து படுத்துக்கொள்கிறது. யார் வயல் என்று கேட்க ஆள் இல்லை. கேட்கவும் தோன்றவில்லை, அவ்வளவு சுகம்.

கண்ணைத் திறந்தபோது பட்டை பச்சையாக இருந்தது. "அருமைங்க. அந்த இடத்த விட்டுடாதீங்க" என்றாள் நுஸைபா.

அவன் விடவில்லை. சத்தம் கூடும்போதெல்லாம் அரை நிமிஷம் கண்ணை மூடி அந்த வயலுக்குப் போய் வந்தான். இரண்டாவது வாரம் அதில் ஒரு மாற்றம் தெரிந்தது. சுற்றியிருந்த வயல்களில் கிழக்குப் பக்கத்து வயல் அறுபட்டிருந்தது. அடுத்த நாள் வடக்கு. பிறகு மேற்கு, தெற்கு. அறுத்து மிஞ்சிய வெறும் தாளடிகளுக்கு நடுவே அவன் நிற்கும் வயல் மட்டும் அப்படியே நின்றது. கதிர்கள் முன்னைவிடத் தலை தொங்கிக் கிடந்தன. மனசு தானாகப் போடும் படம், இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவன் விட்டுவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நுஸைபா திரையில் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள்.

"இது உங்க வாரம். சாயங்காலம் நாலு மணிக்கு நிறைய போன் வருது, ஆனா அங்க பெருசா ஏறல. பழகிட்டீங்க போல. இத பாருங்க. தினம் பதினொன்னு பத்து. சனி, ஞாயிறு, திங்கள், ஒரு நாளும் தப்பல. செங்குத்தா ஏறுது. அப்ப யாரு உங்களத் திட்டுறாங்க?"

"யாரும் திட்டலீங்க" என்றான் பரணிதரன். "ஒரு அம்மா போன் பண்ணுவாங்க. செந்தாமரைன்னு பேரு. 'தம்பி, நம்ம வண்டி எப்பங்க?'ன்னு கேப்பாங்க. இன்னிக்கி இல்லம்மான்னு சொல்லுவேன். சரிங்க தம்பின்னு வச்சுடுவாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

அவ்வளவுதான் இல்லை. அவளிடம் சொல்லாததை நாம் பேசிக்கொள்ளலாம். செந்தாமரை குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருக்கும் மூன்று ஏக்கருக்குச் சாலையில்லை. துரைராசுவின் வயல் வழியாகத்தான் வண்டி உள்ளே போக வேண்டும். டெல்டாவில் இது எல்லோருக்கும் தெரிந்த முறை. வெளி வயலை அறுத்த கையோடு வண்டி உள் வயலில் இறங்கும், அறுத்துவிட்டு வெளியே வரும். துரைராசு வயலை அறுத்து முடித்த அன்று, வண்டி ஓட்டும் ஜெக்கரியா போனில் கேட்டான்: "அண்ணே, உள்ளாற ஒரு அம்மா வயலு நிக்கிது. நெல்லு பழுத்துப் போச்சு. அறுத்துட்டு வந்துடவா?" அதே நேரம் இன்னொரு போனில் ஒருத்தர் பரணிதரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். "வேணாம், நீ ரோட்டுக்கு வா. அத அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். கத்துகிறவனுக்கு வண்டி போயிற்று. கத்தாதவளுக்குப் போகவில்லை. இது அவனுக்கும் தெரியும். நெஞ்சு ஏறாமல் என்ன செய்யும்?

நுஸைபா நல்லவள். தனக்குச் சொல்லப்பட்டதை வைத்துக்கொண்டு, தன் படிப்புக்குத் தெரிந்த நல்லதைச் சொன்னாள். "அந்த ஒரு நம்பர மட்டும் கொஞ்ச நாளைக்கு வேற யாராவது எடுக்கட்டுமே."

பக்கத்து மேசைப் பிரகதீஸ்வரி போனுக்கு அந்த எண்ணைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு நிமிஷ வேலை. அந்த வாரம் முழுக்கப் பச்சை. பஞ்சநதம் சந்தோஷப்பட்டு அலுவலகத்துக்கே அல்வா வாங்கி வந்தார். "நல்ல மருந்துப்பா இது, முழுங்கவே வேணாம்" என்று பட்டையைத் தட்டிக்கொடுத்தார்.

பரணிதரனும் நன்றாகத்தான் தூங்கினான். கண்ணை மூடினால் அந்த வயல் மட்டும் முன்பு போல இல்லை. பனி காயாமல் கதிர் மேலேயே கிடந்தது. மடையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றுவிட்டது. அவன் கையை நீட்டினால் கதிர் எட்டவில்லை. பாதையைத் தேடி வரப்பு வரப்பாக நடந்து, கிளம்பின இடத்துக்கே வந்து நின்றான். அப்போது வெகு தூரத்தில், தண்ணீருக்கு அடியில் கேட்பது போல, ஒரு போன் மணி அடித்தது. எடுக்க ஆள் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நுஸைபா கோட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வாரம் பச்சைதான். ஆனா ஒன்னு புரியல. அந்த போன் இப்ப உங்களுக்கு வர்றதில்ல, இல்லையா?"

"இல்லீங்க."

"பதினொன்னு பத்துக்கு இன்னமும் ஏறுது. முன்னவிட உயரமா." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இது போனால வர்றதில்ல பரணிதரன். போன நிறுத்தச் சொன்னது என் தப்பு. நீங்க என்கிட்ட ஏதோ ஒன்னச் சொல்லல."

அவன் சொன்னான். கிரீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"எனக்கு நெல்லு பத்தி ஒன்னும் தெரியாது" என்றாள் கடைசியில். "அந்த வயல் இன்னும் நிக்கிதா?"

"நிக்கிதுங்க."

"அப்ப எனக்கு இதுல சொல்லித்தர ஒன்னுமில்ல. மூச்சுப் பயிற்சியால ஒரு வயல அறுக்க முடியாதுங்க."

மறுநாள் காலையிலேயே மழை என்று செய்தி வந்துவிட்டது. வேதாரண்யத்துக்குக் கிழக்கே கடலில் ஏதோ திரண்டிருக்கிறது, சாயங்காலத்திலிருந்து டெல்டா முழுக்கப் பெய்யும் என்றார்கள். பழுத்துத் தலை தொங்கிய சம்பா மேல் தை மழை விழுந்தால் கதிர் தரையில் படுத்துவிடும், நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். பரணிதரன் மேசையில் போன்கள் ஓயவில்லை. பதினொன்று பத்துக்குப் பக்கத்து மேசையில் பிரகதீஸ்வரி சொல்வது அவன் காதில் விழுந்தது: "இன்னிக்கி இல்லம்மா." ஜெக்கரியாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டு அவன் எழுந்துவிட்டான்.

"பிரகதீஸ்வரி, நீ இங்க பாத்துக்க. ஜெக்கரியா பெல்ட் வண்டிய குடமுருட்டிக் கரைக்கு வரச் சொல்லிட்டேன்."

"அண்ணே, அது ராஜகிரிக்குப் போற வண்டி. அவங்க என்னக் கொன்னுடுவாங்க."

"நான்தான் திருப்புனேன்னு சொல்லு. எம்பேரச் சொல்லு."

பைக்கில் போகும்போது வானம் வெள்ளையாக, வெயிலும் இல்லாமல் நிழலும் இல்லாமல் இருந்தது. சாலையோரத்து நெல் குவியல்களுக்கு ஜனங்கள் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். துரைராசு வயல் வரப்பில் போய் நின்று பார்த்தான். அறுத்துப் பன்னிரண்டு நாளான அந்த வயல் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அறுவடைக்கு முன்பே தெளித்திருந்த உளுந்து, தாளடிகளுக்கு நடுவே நாலிலை விட்டு நின்றது. அன்றைக்கு ஜெக்கரியா கேட்டபோது சரி என்று சொல்லியிருந்தால் வண்டி வெறும் தாளில் உருண்டு போயிருக்கும். இப்போது போனால் உளுந்தை நசுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்குத் துரைராசுவிடம் கேட்டாக வேண்டும்.

துரைராசு அங்கேயேதான் நின்றார், தலையில் துண்டு, கையில் வெட்டரிவாள். பரணிதரன் கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"என்னது? எம்பயிரு மேல வண்டிய ஏத்துறியா? அன்னிக்கே அந்த டிரைவர் பையன் இறங்குறேன்னான், நீதான வேணாம்னு கூப்புட்ட? இப்ப வந்து பல்ல இளிக்கிற? போய்யா அந்தாண்ட!"

மணிக்கட்டில் பட்டை நடுங்கியது. பீப் என்று கத்தியது. மறுபடியும் கத்தியது. துரைராசு நிறுத்தினார்.

"என்னய்யா அது, கையில கத்துது?"

"நெஞ்சு படபடப்பு அளக்குற பட்டைங்க. அளவு தாண்டுனா கத்தும்."

துரைராசு அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சிவப்பில் நூற்று நாற்பத்தெட்டு என்று இருந்தது. அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. "நான் கத்துறதாலயா?" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசியிருப்பார்.

"இல்லீங்க. நீங்க கத்துறது பழகிப் போச்சு" என்றான் பரணிதரன். அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அடக்கவில்லை. "அந்தம்மா ஒரு நாளும் கத்துனதில்ல. அதனாலதான் நான் வண்டி அனுப்பல. தப்பு என்னுதுங்க. அவங்க வயலு படுத்துடக் கூடாது."

துரைராசு உள் வயலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு பழைய குரலுக்கே வந்துவிட்டார். "வடக்கு வரப்ப ஒட்டியே போவணும்! போறதும் வர்றதும் ஒரே தடம்! தடம் மாறுச்சு, வண்டியக் கொளுத்திப்புடுவேன்! நானே முன்னால நடக்குறேன், அந்தப் பயலுக்குக் கண்ணு தெரியாது!"

அப்படித்தான் நடந்தது. துண்டை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டு துரைராசு முன்னால் நடக்க, சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அந்த வண்டி அவர் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. வரப்பின் கடைசியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். செந்தாமரையைப் பரணிதரன் அன்றுதான் பார்க்கிறான். வயலையும் அன்றுதான். மூடின கண்ணுக்குள் பார்த்ததைவிடச் சிறிய வயல், மூலையில் மடை உடைந்து கிடந்தது. ஆனால் நாலா பக்கமும் அறுபட்ட வயல்களுக்கு நடுவே அதே மாதிரிதான் நின்றது. இடுப்பளவு நெல்லில் இறங்கி நின்றான். கதிர் கைக்கு எட்டியது.

சாலைக்குப் போய் நெல்லைக் கொட்டிவிட்டு வண்டி அதே தடத்தில் திரும்பி வரும், மறுபடி அறுக்கும். அதற்கு நடுவில்தான் செந்தாமரை அவனிடம் பேசினாள்.

"ஒரு வாரமா வேற பொண்ணு எடுக்குது தம்பி. ஒங்களுக்கு ஒடம்பு முடியலையோன்னு நெனச்சேன்."

"நல்லாத்தாம்மா இருந்தேன்." கேட்காமல் இருக்க முடியவில்லை அவனால். "ஏம்மா தினம் சரியா பதினொன்னு பத்துக்குப் போன் பண்ணுவீங்க?"

"நீங்கதான தம்பி சொன்னீங்க? மொத நாளு பேசுனப்ப, பனி காஞ்சப்புறம் தெனம் ஒரு போன் போடுங்கம்மான்னு. பனி காஞ்சாத்தான வண்டி அறுக்கும், பதினொன்னுக்குக் காஞ்சுடும். ஏக்கர் நெறைய வச்சிருக்குற பெரியவங்கல்லாம் மொதல்ல பேசி முடிக்கட்டும்னு பத்து நிமிசம் விட்டுப் போடுவேன்."

அவன் அப்படிச் சொன்னது அவனுக்கு நினைவே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் அதைச் சொல்வான். போனை வைப்பதற்காகச் சொல்வது. அதைச் சொன்னபடி செய்தவள் ஊரிலேயே இவள் ஒருத்திதான்.

ஐந்து மணிக்கு முதல் துளி விழுந்தது. பிறகு நிற்கவில்லை. செந்தாமரையும் பரணிதரனும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு சாலைக் குவியலுக்கு ஓடினார்கள், துரைராசு அவர்களை விடச் சத்தமாக ஓடினார். கடைசி மூலையில் ஒரு மா அளவு, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அறுக்க முடியாமல் நின்றுபோனது, காற்றில் மெல்லப் படுத்துக்கொண்டது. மீதியெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்து கிடந்தது. மழையில் பட்டை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அவன் அதைக் கழற்றவில்லை, கத்தட்டும் என்று விட்டான்.

மறுநாள் காலை பஞ்சநதம் பட்டையின் கணக்கை அச்சடித்த தாளை நீட்டினார். அப்படி ஒரு சிவப்பை அந்தப் பட்டை அதுவரை காட்டினதில்லை. "இன்னொரு வாரம் இப்படியே வந்தா ஷெட்டுதான், சொல்லிட்டேன். ராஜகிரிக்காரன் என்ன உரிச்சு எடுத்துட்டான்" என்றார். பரணிதரன் தலையாட்டினான். பிரகதீஸ்வரியிடம் போய், "அந்த நம்பர எம்பக்கமே திருப்பிவிட்டுடு" என்றான்.

வெளியே மழை விட்டு வெயில் மங்கலாக எட்டிப் பார்த்தது. பதினொன்று ஆனது. பதினொன்று பத்தும் ஆனது. போன் அடித்தது.

"தம்பி, செந்தாமரை பேசுறேங்க. வண்டி வந்துட்டுப் போயிடுச்சுங்க."

"தெரியும்மா, நானும்தான இருந்தேன்" என்று அவன் சிரித்துவிட்டான்.

"இல்ல, சொல்லணும்ல." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்கும் போன் போடணுமாங்க?"

பரணிதரன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஈரச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போடுங்கம்மா" என்றான். "பெரியவங்களுக்கு முன்னாடியே போடுங்க."